ரீச்சர் பதில்கள்: வைஃபைக்கு நன்றி சொன்ன பிள்ளை

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பொங்கலைப் பற்றியவை. ஐந்தை மட்டும் எடுத்திருக்கிறேன். நான் பிறந்தது திருமலையில் (திருகோணமலையில்) ஒரு மெதடிஸ்த வீட்டில், வாழ்க்கைப்பட்டது பாலையூற்றில் ஒரு கத்தோலிக்க வீட்டில். ஆகவே இரண்டு பக்கத்துப் பழக்கமும் பதில்களில் கலந்துதான் வரும். கோவில் என்று இங்கே வருவது தேவாலயம், சுவாமி என்று வருவது குருவானவர். யாரும் கோவிக்க வேண்டாம்.

ரீச்சர், எனக்கு இரண்டு பிள்ளைகள். மகனுக்கு 13, மகளுக்கு 9. எதைக் கொடுத்தாலும் "இவ்வளவுதானா?" என்கிறார்கள். தைப்பொங்கலன்று கோவிலில் நன்றிப் பூசை இருக்கிறதே, அதற்குள் கொஞ்சம் பழக்குவோம் என்று, இரவுச் செபம் முடிந்ததும் ஆளுக்கு மூன்று நன்றி சொல்ல வேண்டும் என்று சட்டம் போட்டேன். முதல் நாளே மகன் சொன்னான்: "வைஃபை, வைஃபை, வைஃபை." இவர் சிரித்துவிட்டார். எனக்கு அழுகை வந்தது. நன்றி கெட்ட பிள்ளைகளை வளர்க்கிறேனா?
– ஒரு தாய், உவர்மலை

முதலில் உங்கள் வீட்டுக்காரரை மன்னித்து விடுங்கள். வாசித்தபோது நானும் சிரித்தேன்.

உங்கள் கடைசி வரியில்தான் நின்றுவிட்டேன். "நன்றி கெட்ட." யோசித்துப் பாருங்கள், நம் வீடுகளில் நன்றி என்ற சொல்லை எப்போது எடுக்கிறோம்? கூட்ட முடிவில் நன்றியுரை உண்டு. செத்தவீட்டு முப்பத்தோராம் நாள் அட்டையில் நன்றி நவிலல் உண்டு. வீட்டுக்குள் அந்தச் சொல் வருவதே "கெட்ட" என்ற வாலோடுதான், அதுவும் ஏச்சு விழும்போது. பதின்மூன்று வருடம் அதை ஏச்சாகவே கேட்ட பிள்ளை, திடீரென்று செபத்தில் மூன்று தரம் சொல்லு என்றால் பகிடிதான் விடுவான்.

அதற்காக நாம் நன்றியில்லாத சனம் என்று அர்த்தமில்லை. வேறு மாதிரிச் சொல்லுவோம். என் அம்மாவுக்கு ஒரு செம்பு தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தால் "நல்லா இருப்பாய் மகள்" என்பார். குடித்த பிறகு இல்லை, செம்பைக் கையில் வாங்கும்போதே. என் மாமனார் அதிகம் பேசாத மனுசன். சாப்பிட்டுக் கை கழுவப் போகிறபோது குசினி வாசலில் ஒரு நிமிசம் நின்று, "சொதிக்கு இண்டைக்கு என்ன போட்ட நீ?" என்று கேட்பார். அவ்வளவுதான். அந்தக் கேள்விக்காகவே நான் சொதி வைத்த நாட்கள் உண்டு. உங்கள் வீட்டிலும் இப்படி ஏதாவது இருக்கும். அதைத் தேடிப் பிடியுங்கள். மூன்று நன்றிச் சட்டத்தை இன்றே வாபஸ் வாங்குங்கள்.

இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு, ஏனென்றால் நானும் இதே பிழையை விட்டவள்தான். என் மகனுக்கு ஏழு வயதில் கொழும்பிலிருந்து அவனுடைய மாமா ஒரு சேட்டு அனுப்பினார். நான் பக்கத்தில் இருந்து சொல்லச் சொல்ல, அவன் ஒரு பக்கக் கடிதம் எழுதினான். "தங்கள் அன்பளிப்பு கிடைக்கப்பெற்று மிக்க மகிழ்ச்சியடைந்தேன்." அண்ணாவின் பதில் எனக்குத்தான் வந்தது: "உன் கடிதம் கிடைத்தது. சேட்டு மருமகனுக்கு அளவா என்பதை அவனிடம் கேட்டு எழுதவும்." சேட்டு சிறிது. அதை நான் எழுதவிடவில்லை.

சரி, வைஃபைக்கு வருவோம். உங்கள் மகன் பொய் சொல்லவில்லை. அது இல்லாவிட்டால் அவனுக்குத் தவிப்புத்தான். ஆனால் அதற்கு மாதாமாதம் எவ்வளவு கட்டுகிறீர்கள், யாருடைய சம்பளத்தில், எந்தத் திகதிக்குள் என்பதெல்லாம் அவனுக்குத் தெரியுமா? அடுத்த பில்லையும் காசையும் கையில் கொடுத்து அவனையே கட்டிவிட்டு வரச் சொல்லுங்கள். மிச்சக் காசுக்கு ஐஸ்கிறீம் வாங்கட்டும். வந்ததும் பாடம் எடுக்க வேண்டாம், தயவுசெய்து.

இன்னொன்று, என் மாமியாரிடம் நான் பார்த்தது. மாமி சுண்டால் அளந்துதான் அரிசி போடுவார். நாலு சுண்டு பானைக்குள் போனதும் அதிலிருந்து ஒரு பிடி எடுத்துப் பக்கத்தில் இருக்கும் மண்முட்டிக்குள் போடுவார். பிடியரிசி. சனிக்கிழமை அது கோவிலுக்குப் போகும், இல்லாவிட்டால் மாமிக்குத் தெரிந்த ஏதோ ஒரு வீட்டுக்குப் போகும். 1990 ஆனியில் சண்டை தொடங்கி நாங்கள் வீட்டை விட்டு ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்தோம். நிவாரண அரிசி, பாதி குறுணி, வண்டு வேறு. மாமி கல் பொறுக்கி, அளந்து, வழக்கம் போல ஒரு பிடி எடுத்தார். "மாமி, இதே நமக்கு யாரோ போட்ட பிடியரிசிதானே" என்று நான் கொஞ்சம் காரமாகவே கேட்டேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. எட்டு வயது மகனைக் கூப்பிட்டு, "இந்தா, நீ போடு" என்றார். அவன் சின்னக் கை. கொஞ்சம்தான் வந்தது. மாமி இன்னொரு தரம் அள்ளச் சொன்னார். அந்த அரிசி அடுத்த வகுப்பறையில் இருந்த பிள்ளைத்தாச்சிக்குப் போனது.

நன்றியைப் பற்றி அவனுக்கு நான் சொன்ன எதுவும் அவன் நினைவில் இல்லை. இப்போது 43 வயது. சோறு போடும் முன் அவன் வீட்டில் ஒரு பிடி எடுத்து வைக்கிறார்கள், றைஸ் குக்கர் என்றாலும்.

கடைசியாக, பொங்கலுக்கு முந்தின சனிக்கிழமை பிள்ளைகளைக் கந்தளாய் பஸ்ஸில் ஏற்றித் தம்பலகாமத்தில் இறக்குங்கள். ஒரு மணித்தியாலம்கூட ஆகாது. நம் பக்கத்தில் பெரும்போகம் வெட்டுவது மாசி, பங்குனியில்தான். தையில் வயல் பெரும்பாலும் பச்சை, கதிர் பால் பிடித்துக்கொண்டிருக்கும். நாம் பொங்குவது போன போகத்து அரிசி. அதாவது, கண்ணுக்கு முன்னால் நிற்கிற விளைச்சல் இன்னும் வீடு வந்து சேரவில்லை. ஒரு மழை தப்பிப் பெய்தால் எல்லாம் படுத்துவிடும். அந்த நேரத்தில்தான் இந்த ஊர் நன்றி என்று பானை வைக்கிறது. கந்தளாய்க் குளத்திலிருந்து வருகிற வாய்க்காலைக் காட்டுங்கள். வரம்பில் நிற்பவரிடம் உங்கள் மகள் பெயர் கேட்கட்டும். அவர் தமிழராகவும் இருக்கலாம், முஸ்லிமாகவும் இருக்கலாம், சிங்களவராகவும் இருக்கலாம். நம் கோவிலில் பொங்கும் அரிசியை விளைத்தவர்களில் முக்கால்வாசிப் பேர் நம் கோவில் வாசலை மிதித்திராதவர்கள். அந்தப் பெயரை இரவுச் செபத்தில் சொல்லச் சொல்லுங்கள். மூன்று வேண்டாம், ஒன்று போதும்.

பக்கத்து வீட்டில் புதிய சபைக்குப் போகும் அம்மா ஒருவர், "பொங்கல் சூரிய வணக்கம், கிறிஸ்தவர் செய்யக் கூடாது" என்கிறார். எங்கள் கோவில் முற்றத்தில் சுவாமியே பானை வைக்கிறாரே, எது சரி?
– வாசகி, நிலாவெளி

சுவாமி வைக்கலாம். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 இல் வெளியிட்ட வழிபாடு பற்றிய ஏட்டில் 37ஆம் எண்ணைப் பாருங்கள். மூடநம்பிக்கையோடு பிரிக்க முடியாதபடி பிணைந்திராத மக்கள் வழக்கங்களைத் திருச்சபை மதிக்கும், பொருத்தமானால் வழிபாட்டிலும் ஏற்கும் என்று இருக்கிறது. பானையை யாருக்கு முன்னால் வைக்கிறோம் என்பதுதான் கேள்வி. நாம் சூரியனைப் படைத்தவருக்கு முன்னால் வைக்கிறோம்.

அறுவடைக்கு நன்றி சொல்வது வேதத்துக்குப் புறம்பென்றால் பெந்தகோஸ்தே நாளையும் விட வேண்டி வரும். யூதர்களுக்கு அது கோதுமை அறுப்பின் பெருநாள். என் பிறந்த வீட்டுப் பக்கத்தாரும் அறுவடை விழாவை ஏதோ அப்போஸ்தலர் காலத்திலிருந்து வந்தது மாதிரிப் பேசுவார்கள். இன்று நாம் காண்கிற வடிவத்தில் அதைத் தொடக்கி வைத்தவர் இங்கிலாந்தில் கோர்ன்வோலில் மோர்வென்ஸ்டோ என்ற ஊரின் குருவானவர் ரொபட் ஸ்டீபன் ஹோக்கர். ஆண்டு 1843. நம் பொங்கல் அதைவிட மூத்தது.

பக்கத்து வீட்டம்மாவோடு வாதாட வேண்டாம். அவர் மனச்சாட்சிக்கு ஒவ்வாததைக் கிண்ணத்தில் போட்டு அனுப்பவும் வேண்டாம். பொங்கல் முடிந்து ஒரு கிழமையால் ஒரு சீப்பு வாழைப்பழம் கொடுங்கள்.

வீட்டுக்காரர் கடற்றொழில். வாடைக்காற்றில் மூன்று கிழமையாக வள்ளம் கரையில் கிடக்கிறது. என் சங்கிலி அடைவில். இந்த நிலையில் கோவில் பொங்கலுக்குக் காசு சேர்க்கிறார்கள். "எல்லாவற்றிலும் நன்றி சொல்லுங்கள்" என்று பிரசங்கத்தில் கேட்டால் கோபம்தான் வருகிறது. நெல் விளைகிறவன் பொங்கட்டும், எங்களுக்கு எது அறுவடை? இப்படி நினைப்பது பாவமா ரீச்சர்?
– ஒரு சகோதரி, திருக்கடலூர்

பாவமில்லை தங்கச்சி. காசு சேர்க்க வந்தால் இல்லை என்று சொல்லுங்கள். இருக்கிற வீடுகள் போடும்.

அபக்கூக்கு என்று ஒரு தீர்க்கதரிசி. அவருடைய கடைசி அதிகாரத்தின் முடிவை எடுத்துப் பாருங்கள். ஆண்டவரில் மகிழ்ச்சியாய் இருப்பேன் என்று சொல்லும் முன் ஆறு இல்லைகளை வரிசையாகச் சொல்கிறார். அத்திமரம் துளிர்க்கவில்லை, திராட்சையில் பழம் இல்லை, ஒலிவ மரம் ஏமாற்றிவிட்டது, வயலில் தானியம் இல்லை, பட்டியில் ஆடு இல்லை, தொழுவத்தில் மாடு இல்லை. ஒன்றையும் மறைக்கவில்லை. அதற்குப் பிறகுதான் "ஆனாலும்" வருகிறது. அந்த ஆறையும் தாண்டிப் போய் "ஆனாலும்" இலிருந்து தொடங்குகிற பிரசங்கங்கள்தான் உங்களுக்குக் கோபத்தைக் கொடுக்கின்றன. எனக்கும் அப்படித்தான். நீங்கள் உங்கள் ஆறைச் சொல்லுங்கள். வள்ளம் கரையில், எண்ணெய்க்குக் காசில்லை, வலை கிழிந்து கிடக்கிறது, சங்கிலி அடைவில் என்று பெயர் சொல்லிச் சொல்லுங்கள். ஒரு வருடம் "ஆனாலும்" வரை போய்ச் சேராவிட்டாலும் கடவுள் கணக்குப் பார்க்கமாட்டார் என்றுதான் நான் நினைக்கிறேன்.

உங்கள் அறுவடை எப்போது என்று கேட்டீர்கள். நமது கரையில் கடல் இறங்கிக் கொடுப்பது பங்குனி, சித்திரைக்குப் பிறகு. மேற்கில் காற்று அடிக்கிற அந்த மாதங்களில் நீர்கொழும்புப் பக்கத்திலிருந்தும் தொழிலாளர்கள் வந்து நம் கரையில் வாடி (தங்கும் குடிசை) போடுகிறார்களே, அதுதான் உங்கள் தை மாதம். ஆவணி 15 மாதாவின் விண்ணேற்புத் திருநாள் உங்கள் சீசனுக்குள்ளேதான் விழுகிறது. அன்று காணிக்கை பவனியில் மீன் கொண்டுபோனால் என்ன? சுவாமியிடம் நீங்களே கேட்டுப் பாருங்கள். நெல்லுக்கு ஒரு நாள் உண்டென்றால் பாரைக்கும் சூடைக்கும் ஒரு நாள் இருக்கட்டும். என் சின்ன வயதில் அறுவடை விழாவுக்கு ஒருவர் ஒரு கூடை கருவாடு கொண்டுவந்து பூசணிக்காய்க்கும் வாழைக்குலைக்கும் நடுவில் வைத்தார். அன்று போதகர் ஐயாவின் பிரசங்கம் வழமையை விடக் குறைந்த நேரத்தில் முடிந்தது.

அந்த விழாக்களில் ஆராதனை முடிந்ததும் காணிக்கைப் பொருட்களை ஏலம் போடுவார்கள். எனக்கு எட்டோ ஒன்பதோ வயது, 1963 அல்லது 64. கோவிலுக்குப் பக்கத்தில் அப்பம் சுட்டு விற்கிற ஒரு கிழவி ஒரேயொரு முட்டை கொண்டுவந்திருந்தார். பூவரசம் இலையில் வைத்திருந்தார். ஓட்டில் ஒரு பக்கம் மண் ஒட்டியிருந்தது, இப்போதும் கண்ணில் நிற்கிறது. ஏலத்தில் முட்டைக்கு முறை வந்தது. ஒருவர் ஒரு ரூபாய்க்கு எடுத்தார். அந்நாளில் அது முட்டைக்குக் கொடுக்கிற காசே இல்லை. எடுத்தவர் காசைக் கட்டிவிட்டு முட்டையைத் திரும்ப மேசையில் வைத்து, "மறுபடி கூறுங்கோ" என்றார். அடுத்தவரும் அப்படியே. ஐந்து தடவை போனது. வாழைக்குலைகூட அன்று அவ்வளவு கொண்டு வரவில்லை. ஆறாவது தடவை கூறுவதற்கு முன் என் தம்பி அதை எடுத்துப் பார்த்தான், கீழே போட்டுவிட்டான்.

அப்பா அவனை அடிக்கக் கை ஓங்கினார். கிழவி கடைசி வாங்கிலிருந்து சத்தம் போட்டார்: "பிள்ளைய ஏசாதீங்க. கோழி நாளைக்கும் போடும்."

உங்களிடம் முட்டையும் இல்லையென்றால் சும்மா வாருங்கள். அடுப்புக்கு மூன்று கல்லு தேவைப்படும். சங்கிலியைப் பற்றி: தவணை எப்போது முடிகிறது என்று எனக்குத் தனியாக எழுதுங்கள். பத்திரிகையில் வராது.

திருமலையை விட்டு 1986 இல் இரண்டு பிள்ளைகளோடும் ஒரு பையோடும் வெளிக்கிட்டோம். மொன்றியலில் ஒரே அறையில் ஆறு பேர். முதல் குளிருக்கு ஒரு வெள்ளைக்கார அம்மா கோவிலில் வைத்துத் தன் மகளின் கோட்டைத் தந்தார். இப்போது ஸ்காபரோவில் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறேன். இங்கே நன்றி நாளுக்கு வான்கோழி வைக்கிறார்கள், பத்து விநாடி செபம், பிறகு எல்லோரும் போனைப் பார்க்கிறார்கள். நான் தமிழில் செபித்தால் பிள்ளைகளுக்கு விளங்காது. நான் என்ன செய்ய?
– அப்பம்மா ஒருவர், கனடா

அக்கா, உங்கள் கடிதம் ஐப்பசியில் வந்தது, கட்டுக்குள் மாட்டிக்கொண்டது. மன்னிக்க வேண்டும். கனடாவில் நன்றி நாள் அக்டோபர் இரண்டாம் திங்கள் என்று 1957 இலிருந்து நிலைத்துவிட்டது, ஆகவே அடுத்ததுக்கு இன்னும் மாதங்கள் உண்டு. ஆயத்தம் பண்ணலாம்.

உபாகமம் 26ஐ வாசியுங்கள், கத்தோலிக்கர் இணைச்சட்டம் என்பார்கள். முதற்பலனைக் கூடையில் கொண்டுவருகிறவன் சொல்ல வேண்டியதை மோசே அங்கே சொல்லிக் கொடுக்கிறார். அவன் "நன்றி" என்று தொடங்குவதில்லை. கதையில் தொடங்குகிறான். என் தகப்பன் நிலையான ஊரில்லாத அரமேயன், கொஞ்சப் பேரோடு எகிப்துக்குப் போனான், அங்கே எங்களை ஒடுக்கினார்கள், கூப்பிட்டோம், கர்த்தர் கேட்டார், இந்த நிலத்துக்குக் கொண்டுவந்தார், இதோ பார் இந்தக் கூடை. ஆறு வசனம்கூட வராது. மேசையில் சொல்லி முடிக்கலாம்.

உங்களிடம் அந்தக் கதை இருக்கிறது. எனக்கு நாலு வரியில் எழுதியிருக்கிறீர்கள், பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறீர்களா? பலர் சொல்லுவதில்லை. கஷ்டம் பிள்ளைகளுக்கு எதற்கு என்று மறைத்துவிட்டு, பிறகு அதுகளுக்கு அருமை தெரியவில்லை என்று குறைப்படுகிறோம். வான்கோழியை வெட்டும் முன் சொல்லுங்கள்: ஒரு பை, ஒரு அறை, ஆறு பேர், ஒரு கோட்டு. அந்தக் கோட்டு என்ன நிறம், கையில் எத்தனை மடிப்பு மடித்துப் போட்டீர்கள் என்பதையும் சேருங்கள், பிள்ளைகள் அதைத்தான் பிடித்துக்கொள்ளும். தமிழில் சொல்லுங்கள், உங்கள் மகன் ஒவ்வொரு வரியாக மொழிபெயர்க்கட்டும். அவனுக்கும் அது தேவை.

அதே 1986 ஆவணியில்தானே நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் உயிர்காப்புப் படகுகளில் மிதந்துகொண்டிருந்த 155 தமிழரை அந்தப் பக்கத்து மீனவர்கள் கண்டு ஏற்றினார்கள். உங்கள் வீட்டு மேசையில் அவர்களுக்கும் ஒரு வரி இருக்கட்டும். திருக்கடலூர்த் தங்கச்சி வாசித்தால் சந்தோசப்படுவார்.

எங்கள் கோவிலில் நூறு பேருக்குப் பொங்கும்போது ஒவ்வொரு வருடமும் அடிப்பிடிக்கிறது. போன வருடம் புகை மணம் பூசை முடியும் வரை போகவில்லை. ஏதாவது வழி?
– இளைஞர் ஒன்றியத்தார், பாலையூற்று

எனக்குத் தெரியும், நானும் அதைச் சாப்பிட்டேன்.

தம்பிமாரே, நீங்கள் சர்க்கரையை முந்திப் போடுகிறீர்கள். இரண்டாம் பாலும் தண்ணீரும் கொதித்துப் பொங்கின பிறகு அரிசியையும் வறுத்த பயற்றையும் போடுங்கள். அரிசி விரலில் நசுங்கும் வரை சர்க்கரைப் பக்கம் போகவே வேண்டாம். வெந்ததும் விறகை வெளியே இழுத்துத் தணலில் விடுங்கள், பிறகு சர்க்கரை. முதற்பால், கஜு, பிளம்ஸ், ஏலக்காய் எல்லாம் கடைசியில். அகப்பை நீளக் காம்பாக, அடியைத் தொடுவதாக இருக்க வேண்டும். போன வருடம் கிண்டினவர் ஒரு கையில் போன் வைத்து வீடியோ எடுத்துக்கொண்டே கிண்டினார். ஆள் யார் என்று எழுதவில்லை.

அப்புறம் அந்தப் பானை. பூசை முடிந்து எல்லோரும் படம் எடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். அது பிற்பகல் மூன்று மணி வரை வெயிலில் காய்ந்து கிடந்தது. கோவிலைக் கூட்டுகிற அம்மா தனியாக இருந்து கரண்டியால் சுரண்டிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன், பார்த்துவிட்டு வீட்டுக்கும் போனேன். இந்த வருடம் நான் நிற்கிறேன். உங்களில் இரண்டு பேர் தும்பும் சாம்பலும் கொண்டு வாருங்கள். பானையை இறக்கினதும் சுடுதண்ணீர் ஊற்றி ஊற வைக்க மறக்க வேண்டாம்.